ஹேண்ட்பிரேக் சத்தமும் சென்னையின் 'பிரேக் சர்வீஸ் பேக்கேஜும்': காசு கொடுக்கலாமா?

மின்சாரக் காரைக் கொண்டுபோய் விட்டு, "ஹேண்ட்பிரேக் போடும்போது பின்னாடி ஒரு மாதிரி சத்தம் வருதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரானாலும் சரி, மல்டிபிராண்ட் கராஜானாலும் சரி, எஸ்டிமேட்டில் முதலில் ஏறும் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: 'பிரேக் கிளீனிங் அண்ட் லூப்ரிகேஷன்'. என்ன சத்தம், எப்போது வருகிறது, எத்தனை நொடி நீடிக்கிறது என்று கேட்பவர் குறைவு. இந்த விமர்சனம் அந்த ஒற்றை வரியை, அதாவது 'பிரேக் சர்வீஸ் பேக்கேஜை'ப் பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காலிப்பரை (பிரேக் பேட்டைச் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) கழற்றி, அது நகரும் ஸ்லைடு பின்களை வெளியே எடுத்துச் செய்தால், கடற்கரை ஊரில் ஓடும் மின்சாரக் காருக்கு வருடம் ஒருமுறை இந்த வேலை தேவை, காசுக்குத் தகும். சக்கரத்தை மட்டும் கழற்றி, ஒரு கேன் பிரேக் கிளீனரைச் சர்ரென்று அடித்து மாட்டி அனுப்பினால் ஒரு பைசாகூட அதிகம். சத்தத்துக்குக் காரணம் ஹேண்ட்பிரேக் மோட்டாரிலோ 12 வோல்ட் பேட்டரியிலோ இருந்தால் இரண்டு விதமாகச் செய்தாலும் பயனில்லை. ஆகவே முதலில் சத்தத்தைப் பிரித்தறிய வேண்டும். அதற்குத் தமிழ் மாதிரி வசதியான மொழி கிடைக்காது. விர், டக், கிறீச், கரகர, லொடலொட என்று ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஜாப் கார்டில் வெறும் 'நாய்ஸ்' என்று எழுதுவதில்தான் பாதி விஷயம் தொலைந்துபோகிறது.

உங்கள் வண்டியில் எந்த வகை ஹேண்ட்பிரேக் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். டியாகோ இவி போன்றவற்றில் கையால் இழுக்கும் லீவர், கேபிள், பின்னால் டிரம். நெக்ஸான் இவி மேக்ஸ், இஸட்எஸ் இவி, ஆட்டோ 3, கிரெட்டா எலெக்ட்ரிக் போன்றவற்றில் பட்டனில் இயங்கும் மின் பார்க்கிங் பிரேக், சுருக்கமாக ஈபிபி. இங்கே பேசுவது பட்டன் வண்டிகளைப் பற்றி. இவற்றில் பரவலாக இருக்கும் அமைப்பு இதுதான்: பின்சக்கரக் காலிப்பர் இரண்டின் முதுகிலும் ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார். பட்டனை இழுத்ததும் அது சுழலும். பல் வைத்த பெல்ட்டும் பல்சக்கரங்களும் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டி, பிஸ்டனுக்குள் இருக்கும் திருகுத்தண்டைச் சுற்றும். தண்டில் ஏறியிருக்கும் நட் முன்னே நகர்ந்து பிஸ்டனைத் தள்ளும், பேட் டிஸ்க்கைக் கவ்வும். கவ்வு இறுக இறுக மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறும். குறித்த அளவைத் தொட்டதும் கண்ட்ரோலர் நிறுத்திவிடும்.

சத்தத்தைப் படிக்க இந்த அமைப்பே போதும். நல்ல மோட்டார் 'விர்ர்' என்று தெளிவாகத் தொடங்கி, கடைசியில் தொண்டை கம்மியதுபோல் இறங்கி நிற்கும். அந்தக் கம்மல்தான் பேட் கவ்விய அடையாளம். விடும்போது தலைகீழ்: முக்கிக்கொண்டு தொடங்கி லேசாகச் சுழன்று முடியும். மொத்தம் ஒரு நொடியை ஒட்டி. இடது, வலது இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். கடைசிவரை கம்மாமல் ஒரே குரலில் 'வீய்ய்' என்று சுழன்று, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், உள்ளே பெல்ட்டோ பல்லோ போய்விட்டது. மோட்டார் எதையும் தள்ளாமல் சும்மா சுற்றுகிறது. இழுக்கும்போதே 'கரக் கரக்' என்றால் பல் தாவுகிறது. இரண்டு பக்கமும் சோம்பலாக, தாழ்ந்த குரலில், இரண்டு மூன்று நொடி இழுத்தால் காலிப்பரைத் தொடாதீர்கள், 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சோம்பினால் அந்தப் பக்கத் திருகுத்தண்டு துருவேறியிருக்கலாம், கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம்.

அந்த 12 வோல்ட் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி இருக்கிறதே என்று பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பார்க்கிங் பிரேக் மோட்டார், கண்ட்ரோலர், பூட்டு எல்லாம் இதை நம்பித்தான். வண்டி இரவு முழுக்க நின்றபின், லெட்-ஆசிட் பேட்டரியாக இருந்தால், மீட்டரில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 12.2க்குக் கீழே இருந்தால் பலவீனம். வண்டியை ஆன் செய்ததும் 13.5க்கு மேல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் குறை பேட்டரியில் மட்டும் இல்லை, அதற்குச் சார்ஜ் கொடுக்கும் கன்வெர்ட்டர் பக்கமும் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் லெட்-ஆசிட் சீக்கிரம் தளரும். மல்டிமீட்டர் இல்லாத மெக்கானிக்கிடம் பார்க்கிங் பிரேக் சத்தத்தைக் காட்டுவது வீண்.

சென்னையில் அதிகம் வரும் புகார் வேறு. காலையில் வண்டியை எடுக்கும்போது பின்னால் 'டக்' அல்லது 'படக்'. பட்டன் போட்டு நிறுத்திய வண்டியில் பேட்டும் டிஸ்க்கும் ஈரத்தோடு இறுகிக் கிடக்கின்றன. இரவோடு இரவாக டிஸ்க்கில் மெல்லிய துரு பூத்து இரண்டையும் ஒட்டிவிடுகிறது. நகர்த்தியதும் பிய்த்துக்கொண்டு வரும் சத்தம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சகஜம். ஆனால் மழையே இல்லாத மாசியிலும் வருகிறதே என்றால், காரணம் பெரும்பாலும் கார் துடைப்பவரின் வாளியில் இருக்கும். அதிகாலையில் உப்புத் தன்மையுள்ள போர் தண்ணீரைச் சக்கரத்தின் மேல் வீசியடிப்பார்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் கடல்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். பெட்ரோல் காரில் முதல் நாலு சிக்னலில் பிரேக் மிதித்ததும் துரு தேய்ந்துவிடும். மின்சாரக் காரில் வேகம் குறைக்கும் வேலையைப் பெரும்பாலும் வண்டியை ஓட்டும் மோட்டாரே செய்துவிடுவதால் பேட் டிஸ்க்கைத் தொடுவதே அரிது. துரு அப்படியே தங்கி, பள்ளம் பள்ளமாக டிஸ்க்கை அரிக்கும். பேட்டின் மேற்பரப்பும் கண்ணாடி மாதிரி பளபளத்துப் பிடிப்பை இழக்கும்.

முதல் சில மீட்டரில் ஒரே ஒரு 'டக்', பிறகு அமைதி என்றால் பேக்கேஜ் வாங்க வேண்டாம். கழுவியபின் வண்டியை ஒரு சுற்று ஓட்டி, நிஜப் பிரேக்கை நாலைந்து முறை அழுத்தி, உலர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள். தினமும் வந்தால் பேட்டின் உராய்வுப் பொருள் இரும்புத் தகட்டிலிருந்து பிரியும் ஆபத்து உண்டு. அப்போது கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

'கிறீச் கிறீச்' என்று சக்கரம் சுற்றும் தாளத்தோடு, மெதுவாகப் போகும்போது மட்டும் கேட்டால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து உரசுகிறது. இல்லையென்றால் ஒரு ஜல்லிக்கல் சிக்கியிருக்கிறது. மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு இது வாடிக்கை. கல்லை எடுத்து, தகட்டை விரலால் பின்னுக்குத் தள்ளினால் முடிந்தது. இதற்குப் பேக்கேஜ் கேட்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

வேகத்தடையில் 'லொடலொட', பிரேக்கைத் தொட்டால் நின்றுவிடுகிறது என்றால் பேட்டைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருக்கிறது. 'கரகர' என்று இரும்போடு இரும்பு உரசினால் பேட் தீர்ந்துவிட்டது, அன்றைக்கே நிறுத்துங்கள். பேட் 2 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின் நடுப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியரால் அளந்து காட்டச் சொல்லுங்கள், "கண்ணால பாத்தாலே தெரியும் சார்" என்றால் நம்பாதீர்கள்.

வண்டியைப் பூட்டிவிட்டு நடக்கும்போது, இரண்டு மூன்று நிமிடம் கழித்து யாரும் தொடாமலே பின்னால் 'விர்' என்கிறதா? பயப்பட ஒன்றுமில்லை. சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கும், கவ்வு தளரும். அதை ஈடுகட்ட சில மாடல்களில் கண்ட்ரோலர் தானாக ஒருமுறை இறுக்கும். வண்டி நகர்வதாகச் சக்கர சென்சார் உணர்ந்தாலும் இறுக்கும். ஆட்டோ ஹோல்டில் (பெடலிலிருந்து காலை எடுத்தாலும் வண்டியை நிறுத்திவைக்கும் வசதி) நிற்கும்போது சீட் பெல்ட்டைக் கழற்றினாலோ கதவைத் திறந்தாலோ வரும் 'விர்'ரும் இதே கணக்குதான்: அதுவரை திரவ அழுத்தத்தில் நின்ற வண்டியைப் பார்க்கிங் பிரேக் கையேற்கிறது. இந்தச் சத்தத்தைப் புகாராக எழுதி, பேக்கேஜுக்கும் பணம் கட்டியவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், இதே காரணத்தால்தான் வண்டி ஆனில் இருக்கும்போதும் பூட்டிய சில நிமிடங்களிலும் காலிப்பர் அருகே விரல் வைக்கக் கூடாது.

பார்க்கிங் பிரேக்கே இல்லாத சத்தங்களும் அதன் கணக்கில் எழுதப்படுகின்றன. ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் தரைக்கு அடியில் 'டக் டக்' என்பது பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டர். கிளம்பி கொஞ்சம் வேகம் எடுத்ததும் முன்னாலிருந்து ஒருமுறை வரும் 'கொர்' ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. பெடலை மிதித்தால் முன்பக்கம் 'உய்ங்' என்பது மின் பூஸ்டர் அல்லது வேக்குவம் பம்ப். சரிவில் பி-யில் (பார்க் நிலை) போட்டுக் காலை எடுத்ததும் வண்டி ஒரு விரற்கடை நகர்ந்து 'டொக்' என்று நிற்பது, கியர்பாக்ஸில் பூட்டுப் பல் உள்ள வண்டிகளில், அந்தப் பல் சுமையைத் தாங்குவது. ஓஎம்ஆர் ஐடி வளாகங்களின் பேஸ்மென்ட் ரேம்ப்பில் இது நிறையக் கேட்கும். ஃபுட் பிரேக்கை மிதித்தபடியே முதலில் பார்க்கிங் பிரேக், பிறகு பி, பிறகுதான் காலை எடுப்பது என்று மாற்றினால் 'டொக்' போய்விடும்.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. ஸ்டில்ட் பார்க்கிங்கில் சமதளமான இடம், ஏசி அணைத்து, கண்ணாடி இறக்கி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தபடி பட்டனைப் போட்டு எடுக்க, இன்னொருவர் வெளியே பின்சக்கரத்துக்கு ஓரடி தள்ளி, வண்டி உருண்டாலும் இடிக்காத பக்கவாட்டில் நின்று, போனில் பதிவு செய்யட்டும். இடது ஒரு பதிவு, வலது ஒரு பதிவு. மூன்று நாலு முறைக்கு மேல் வேண்டாம். மோட்டார் சூடேறும், சில வண்டிகளில் கண்ட்ரோலர் சற்று நேரம் பட்டனையே ஏற்காது. பிறகு பத்து கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டி, நிறுத்தியதும் அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு பின் டிஸ்க்கையும் பாருங்கள். ஒன்று மற்றதைவிட 30 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் அந்தப் பக்கம் பேட் விடாமல் உரசுகிறது. ரேஞ்ச் குறைகிறது என்று பெரிய பேட்டரியைச் சந்தேகிப்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

இனி கடைகள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரின் பலம் ஸ்கேனர். எந்தப் பக்க மோட்டார் என்ன ஃபால்ட் கோடு போட்டிருக்கிறது என்று படிக்கும் கருவியும், காலிப்பரை 'சர்வீஸ் மோடு'க்கு, அதாவது பேட்டைக் கழற்ற வசதியாக நட் முழுதும் பின்வாங்கிய நிலைக்கு, கொண்டுபோகும் வசதியும் அங்கே நிச்சயம் உண்டு. மோட்டார் பழுது வாகன வாரண்டியில் வரும். பேட்டும் டிஸ்க்கும் தேய்மானப் பொருள் என்று வராது. ஆகவே வாரண்டிக் காலத்தில் 'விர்' சம்பந்தமான புகாரை வேறெங்கும் கொண்டுபோகாதீர்கள். பலவீனம், வண்டியைத் தொடுபவரோடு பேச முடியாது. அட்வைசர் எழுதியதுதான் உள்ளே போகும். அதனால் அவர் எழுதும்போது பக்கத்தில் நின்று, "வலது பின்சக்கரம், போடும்போது கரக் சத்தம், காலையில் மட்டும்" என்று எழுதவைத்து, போனில் உள்ள பதிவையும் அனுப்பிவிடுங்கள். ஸ்கேன் அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் ஸ்கேனே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மல்டிபிராண்ட் கராஜில் ஸ்லைடு பின்னையும் கிளிப்பையும் பொறுமையாகச் சுத்தம் செய்யும் கை நிறைய இருக்கிறது. கிளீனிங் வேலை மட்டும் என்றால் இங்கேதான் நன்றாக நடக்கும் என்பது நம் கணிப்பு. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு சாவியைக் கொடுங்கள்: "பின் பேட் கழட்டறதுக்கு ஈபிபி-ய எப்படிண்ணே ரிலீஸ் பண்ணுவீங்க?" ஸ்கேனரில் சர்வீஸ் மோடு, அல்லது அந்த மாடலுக்குக் கம்பெனி சொன்ன பட்டன்-பெடல் வரிசை என்று பதில் வந்தால் உட்காரலாம். "மோட்டாருக்கு டைரக்டா ரெண்டு ஒயர் குடுத்துத் திருப்பிடுவோம்" என்றால் கிளம்புங்கள். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஓடும் மோட்டார், நட்டைத் திருகுத்தண்டின் கடைசிவரை கொண்டுபோய் முட்டவைத்துப் பல்லை உடைக்கும். சி-கிளாம்ப் போட்டுப் பிஸ்டனை நேரடியாக அழுத்துவது இன்னொரு பாவம். உள்ளே நட் பின்வாங்காமல் பிஸ்டன் போகாது. பலாத்காரம் செய்தால் உடையப்போவது விலை கூடிய சாமான்.

வீட்டுக்கே வந்து செய்யும் சேவை மூன்றாவது. பேட்டரி சோதனை, கல் எடுப்பது, தகடு நிமிர்த்துவது ஆகியவற்றுக்குச் சரி. காலிப்பர் வேலைக்கு வேண்டாம். அபார்ட்மென்ட் தரையில் ஒற்றை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, ஸ்டாண்டு இல்லாமல் பின் பேட்டைக் கழற்றுவதை அனுமதிக்கவே கூடாது. பின்பக்கம் தூக்கியிருக்கும்போது பார்க்கிங் பிரேக்கும் விட்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

சரியாகச் செய்த பேக்கேஜ் எப்படி இருக்கும்? சர்வீஸ் மோடு போட்டபின் காலிப்பரைக் கழற்றி, ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியில் மாட்டுவார்கள். இரண்டு ஸ்லைடு பின்களையும் வெளியே இழுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, துரு இருந்தால் மாற்றுவார்கள். புதுசாகச் சிலிகோன் கிரீஸ், ஸ்லைடு பின் ஒன்றுக்குப் பட்டாணி அளவு. அதிகம் அப்பினால் குழியில் காற்று அடைபட்டு ஸ்லைடு பின் நகராது. சாதாரண பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பி, ஆறு மாதத்தில் இதே வண்டி இதே சத்தத்தோடு திரும்பிவரும். கிளிப் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது அவசியம். அங்கே துரு ஏறினால் கிளிப் மேலே தூக்கிப் பேட்டைச் சிக்கவைக்கும். ஸ்ப்ரே மட்டும் அடிப்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். பளபளத்த பேட்டை உப்புத்தாளில் லேசாகத் தேய்க்கலாம். மாட்டியபின், சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வருமுன்னரே பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். அதன்பிறகுதான் மோடை முடித்து, பட்டனை இரண்டு மூன்று முறை போட்டெடுப்பது. பிரேக் ஆயில் இரண்டு வருடம் ஆகியிருந்தால், அல்லது ஈரம் 3 சதவீதத்தைத் தாண்டினால், இதே சமயத்தில் மாற்றிவிடலாம்.

மோட்டார் மாற்ற நேர்ந்தால், பல மாடல்களில் அது காலிப்பரிலிருந்து தனியாகக் கழலும். முழுக் காலிப்பருக்கு எஸ்டிமேட் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் காரணம் இருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நின்றதுபோல் சக்கர மட்டத்துக்கு மேல் தண்ணீரில் நின்றால் மோட்டார், கனெக்டர், திருகுத்தண்டு எல்லாமே சந்தேகத்துக்குரியவை. தனி மோட்டார் மாற்றும்போது நடுவில் இருக்கும் ஓ-ரிங் புதிதாகப் போட வேண்டும். பத்து ரூபாய் சாமான் என்று பழையதையே மாட்டினால் அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே போகும். பேட், கிளிப், ஸ்லைடு பின் ரப்பர் போன்றவற்றை ஜி.பி. ரோட்டில் பார்ட் நம்பர் சொல்லி வாங்கலாம், தவறில்லை. மோட்டாரையும் காலிப்பரையும் புதுப்பேட்டையில் பழையதாக வாங்குவது மட்டும் கூடாது. அது எந்த வெள்ளத்தில் நின்றது என்று யாரும் எழுதித்தர மாட்டார்கள்.

பில்லில் ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பழைய கணினி பில்லில் 28 என்று வந்தால் திருத்தச் சொல்லுங்கள். 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று தனியாக ஒரு தொகை இருந்தால் எந்த கிரீஸ், எத்தனை கேன் என்று கேட்கலாம்.

புதுப் பேட் போட்டிருந்தாலோ உப்புத்தாள் தேய்த்திருந்தாலோ, பிரேக்கைப் படியவைக்கும் ஓட்டம் தேவை. அதிகாலை வெளிவட்டச் சாலை மாதிரி காலியான இடத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்கு எட்டு முறை, இடையில் அரை நிமிடம் ஆறவிட்டு. பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனபின் கிளம்புங்கள். அப்போது மோட்டார் பிரேக்கிங் குறைந்து, நிஜப் பேட்டுக்கு வேலை கிடைக்கும்.

பணம் கட்டுமுன் சர்வீஸ் சென்டர் வாசலிலேயே கண்ணாடியை இறக்கி, பெடலை மிதித்துக்கொண்டு பட்டனை ஒருமுறை போட்டெடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே சுருதியில் விர்ரென்று தொடங்கிக் கம்மி நிற்கிறதா என்று கேளுங்கள். பழைய ஸ்லைடு பின் ரப்பரையும் கிளிப்பையும் டிக்கியில் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.